கடைசியில் ஒற்றை வயலின்

செஞ்சியில் கச்சேரி முடிந்ததும், வயலினைப் பெட்டிக்குள் வைத்த காயத்ரியை மறித்துக்கொண்டார் சென்னை விமர்சகர் ஹரிஹரசுதன்.

"நீங்க எழுதின இசை அபாரம் மேடம்! மூணு வாத்தியம். பாதியிலேயே புல்லாங்குழல்காரர் எழுந்து போறார். அப்புறம் வீணையும் போயிடுது. கடைசியில உங்க வயலின் மட்டும் தனியா அழுவுது. இது பிரிவுதானே?"

"இல்ல சார். வழி விடுங்க, நான் கெளம்பணும்."

"அப்ப மரணமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார்!"

"முதுமையோட தனிமை?"

காயத்ரி பெட்டியைப் படாரென்று மூடினாள்.

"பஸ்ஸு சார்! புல்லாங்குழலுக்கு அனந்தபுரம் கடைசி பஸ் ஏழு மணி. வீணைக்கு அவலூர்பேட்டை, ஏழேகால். அதுக்கு ஏத்த மாதிரிதான் எழுதுனேன்."

"அப்போ உங்க வயலின்?"

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது.

"பனமலை, ஏழரை. அதோ போவுது சார்."