குப்பியின் நிறம்

மாதம் ஒருமுறை எல்லோரும் ஒளிமருந்து குடித்துவிட்டு, சிறுநீரைக் குப்பியில் பிடித்து நீலவிளக்கில் காட்டிப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். புற்றுநோய் தலைகாட்டினால் சிவப்பாக ஒளிரும். மங்கையர்க்கரசிக்கு அதைப் பார்க்கவே அருவருப்பு. கணவர் சிங்காரவேலுதான் முகம் சுளிக்காமல் அவள் குப்பியையும் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்பார்.

இந்த மாதம் அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவளே பார்த்தாள். குப்பி குங்குமமாய்ச் சிவந்தது.

போன் செய்தாள். "ஏங்க, இன்னிக்கு நானே பாத்தேன்."

என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை.

"அம்மாவுக்குச் சிவந்த வீட்ல யாரு பொண்ணு எடுப்பா? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்..."

"கல்யாணம் முடிஞ்சு வருஷமாச்சே!"

"வளைகாப்பும் முடிஞ்சிடட்டும்னு..."

"அதுவரைக்கும் நான் இருப்பேன்னு எந்த விளக்குல பாத்தீங்க?"