வெள்ளைப் பாவு

இந்தக் காலத்து ஜனங்கள் எதைப் பார்த்தாலும் போனில் படம் எடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். அரிசி ஆலைக்காரன் பாய்லரில் பழைய டயரைப் போட்டு எரித்தபோது எங்கள் நெசவுத் தெருவும் அதைத்தான் செய்தது. கரி விழுந்தால் தெரியக் கூடாதென்று ஒரு வருஷமாகக் கறுப்பும் அரக்குமாகவே நெய்தோம். நானும் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுப் பரிமளாதான் டயர் லாரிக்கு முன்னால் பதினோரு நாள் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து ஆலையில் உமிதான் எரிகிறதாம்.

இன்று காலை தெரு நீளத்துக்கு தறியேறப் போகும் அவளுடைய வெள்ளைப் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருக்கிறது. இளவெயிலில் ஈர இழைகள் மின்னுகின்றன. ஒரு பொட்டுக் கரி ஒட்டினாலும் அத்தனையும் வீண். அவள் இருமிக்கொண்டே இழை பிரிக்கிறாள். நான் பக்கத்தில் என் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்து நிற்கிறேன்.

"இன்னா மாமா, காலங்காத்தால துண்டு ஏந்திகினு நிக்கிறீங்க? பிச்சையா?"

"கரி வுழுதான்னு பாக்கறேன். ஆலைக்காரன் பேச்சை நீ நம்பு. நான் நம்பமாட்டேன்."

"வுழுந்தா திரும்பப் போய் உக்காருவேன். இந்த வாட்டி நீங்களும் வாங்க."

துண்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கை துண்டைப் பிடித்திருக்கிறது.

"நல்லா இரும்மா" என்கிறேன். "நாளைக்கும் துண்டோட வருவேன்."

நடக்கிறேன். தெருமுனை திரும்பும்வரை என் கண் ஆலைப் புகைபோக்கியை விட்டு இறங்கவில்லை.