கயிறு யார் கையில்?

கடலடியில் முத்துச்சிப்பிகள் எப்படி வளர்கின்றன என்று தானே மூழ்கிப் பார்க்கப் போவதாக ஆராய்ச்சி நிலையத்து அற்புதமணி சொன்னாள். தருவைகுளத்துப் படகுக்காரர் சூசை சம்மதிக்கவில்லை.

"முங்குதவன் இடுப்புக் கயித்தை அவன் மச்சினன்தான் பிடிக்கணும். கயித்தை விட்டா மச்சினனோட அக்கா தாலியில்ல போயிரும்? அந்தப் பயத்துல விடமாட்டான். உங்களுக்கு யாரும்மா இருக்கா?"

"ஆள் கூட்டியாந்திருக்கேன், அண்ணாச்சி. இன்னைக்கு நான் இறங்கலைன்னா இந்த வேலையை ஒரு ஆம்பளைகிட்ட குடுத்துருவாங்க."

கூட வந்த பெண் படகில் ஏறியதிலிருந்து அற்புதமணியை வைதுகொண்டே இருந்தாள்.

"ஏளா, ஒழுங்கா ஒரு கொழம்பு வைக்கத் தெரியல, கடல்ல முங்க வந்துட்டா! எல்லாம் படிச்ச திமிரு."

சூசை திகைத்துப்போனார். "ஏம்மா, இவங்க கையிலயா உசிரைக் குடுக்கீய?"

அந்தப் பெண் கயிற்றுச் சுருளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இவளுக்கு நாத்தனாரு. இவ மேல வரலைன்னா எந் தம்பியையும் இவ பெத்த மூணு வாலுகளையும் யாரு பாக்க? நான்தானே!"

சூசை பாய்மரத்தில் பாயை விரித்தார்.