பதினேழாம் நம்பர் கை

“டியூபை மாத்திப் போட்டிருக்கே! இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கே வர வேணாம்!”

மேலதிகாரி கத்தியதும் லேப் பெண் டியூபை எடுத்துப் பார்த்தாள். மூன்று தடவை சரிபார்த்து ஒட்டிய சீட்டு அது.

யார் கையில் என்னென்ன நுண்ணுயிர் குடியிருக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய் உள்ளங்கையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து வந்திருந்தாள். தொட்டுப் புழங்குகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால், பதினேழாம் நம்பர் சீட்டு ஒட்டிய, ஒரு வீட்டு மருமகளின் கை, பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாளின் கையோடு ஒத்துப்போனது. அந்த இரண்டு வீடும் எலியும் பூனையும் என்பது தெருவுக்கே தெரியும்.

குழம்பிக்கொண்டே மறுபடி அந்த மருமகளின் வீட்டுக்குப் போனாள்.

“பக்கத்து வீட்டோட உங்களுக்குப் பேச்சுவார்த்தை உண்டாங்க?”

“அவ மூஞ்சியில முழிச்சா எனக்குச் சோறு இறங்காது!” கூடத்திலிருந்து மாமியார் சீறினார். “எங்க வீட்டு ஈ காக்காகூட அந்தப் பக்கம் போகாது!”

“ஆமாங்க, ஆமாங்க,” என்றாள் மருமகள் அவசரமாக.

அந்த அவசரம் சரியாகப் படவில்லை. சமையலறையில் அவள் கையைப் பிடித்தபடி லேப் பெண் கெஞ்சினாள்.

“அக்கா, இது எப்படின்னு தெரியலைன்னா என் வேலை போயிடும்.”

மருமகள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உன் மேல தப்பில்லம்மா. மத்தியானம் அத்தை தூங்கினதும் பின்வாசல் வழியாப் போவேன். அந்த அம்மாவைத் துடைச்சு, துணி மாத்தி, சாப்பாடு ஊட்டிட்டு வருவேன். அவங்க மகன் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அவங்களுக்கு வேற நாதியில்ல. அத்தைக்குத் தெரிஞ்சா எல்லாம் நின்னுடும். சொல்லிடாதேம்மா!”

“பேரே வராதுக்கா. நம்பர் மட்டும்தான்.”

வேலை பிழைத்தது. அடுத்து மாமியார் கையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்க வேண்டும். முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாமியார் கையை நீட்டிக்கொண்டே கிசுகிசுத்தார். “சொல்லிட்டாளா?”

“எ... என்னதுங்க?” என்று இழுத்தாள் லேப் பெண்.

“சண்டையை ஆரம்பிச்சவ நான். இப்போ அங்கே போய் நிக்க எனக்கு முகமில்ல. அவளாவது போறாளேன்னுதான்...” மாமியார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “அவகிட்ட மூச்சு விடாதே. எனக்கு மத்தியானத்துல தூக்கமே வராது, பாப்பா.”