துண்டுக்குள் விலை

“வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க சாமி.”

கம்ப்யூட்டரைத்தான் சொன்னார் காசி. கீழ்பென்னாத்தூர் மாட்டுத் தரகர்.

கல்லாவில் இருந்த சிவப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கணவன் விஸ்வநாத் பொறுமைசாலி. பட்டனை அமுக்கி, சிடி போடும் தட்டை வெளியே வரவைத்தான்.

“பல்லே காணோமே!”

கூட வந்த தனம், கறவை மாடு இரண்டையும் விற்ற பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் மகளுக்காக. மாட்டை விற்றுக் கொடுத்ததும் இந்தக் காசிதான்.

“இது இருபத்திரெண்டாயிரம், அது இருபத்தாறு. உண்மையைச் சொல்லிடறேன், இதுல உள்ள பழைய சாமான். ஒரு வருஷம் ஓடினாலே அதிர்ஷ்டம்” என்றான் விஸ்வநாத்.

“அப்ப இது அடிமாடு” என்றார் காசி.

தனத்தின் முகம் வாடிவிட்டது. “எங்கிட்ட இருபத்திரெண்டுதான் சாமி இருக்குது. இது படுத்துட்டா பாலும் போச்சு, படிப்பும் போச்சு.”

“மீதியை மெதுவாக் குடுங்களேம்மா.”

“வேணாம் சாமி. அடுத்தவங்க காசு அஞ்சு பைசா வேணாம். கடன் வாங்கிப் பட்டதே போதும்.”

காசி தோள் துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். “சாமி, கையைக் குடுங்க.”

மாட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

“ஏன்னா, கம்ப்யூட்டருக்கா துண்டு போடறது?” என்று சிவப்பிரியா பதறுவதற்குள் விஸ்வநாத்தின் கை உள்ளே போய்விட்டது.

துண்டு புரண்டது. காசி முறைத்தார். விஸ்வநாத் திருதிருவென விழித்தான். வாசலில் கிரிவலம் போன வெள்ளைக்காரர் ஒருவர், ஏதோ பூஜை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

“சரி...” விஸ்வநாத் தொண்டையைச் செருமினான். “நல்லதையே இருபத்திரெண்டுக்கு எடுத்துக்கோங்க.”

சிவப்பிரியா கல்லாவைப் படாரென்று சாத்தினாள்.

காசி துண்டை உதறித் தோளில் போட்டார். “தனம், தரகு அம்பது எடு.”

“இதுக்குமா அண்ணே? பஸ்ஸுக்கு வெச்சிருக்கேன்.”

“சும்மா வர எனக்கென்ன தலையெழுத்தா? சாமி, உங்க பக்கம் ஒரு அம்பது.”

விஸ்வநாத் இடது கையால் எடுத்து நீட்டினான். அதையும் வாங்கி மடியில் செருகிக்கொண்டார் மனிதர்.

பெட்டிகளோடு காசி பிடித்த ஆட்டோ கிளம்பியதும் சிவப்பிரியா வெடித்தாள்.

“ஏழைகிட்டயும் பிடுங்கறான், நம்மகிட்டயும் பிடுங்கறான், கிராதகன்! விரலைப் பிடிச்சே நாலாயிரத்தை உருவிட்டான். நீங்களும் கையைக் குடுத்துண்டு நின்னேளே!”

விஸ்வநாத், துண்டுக்குள்ளிருந்து வந்ததுமுதல் மூடியே வைத்திருந்த வலது கையைத் திறந்தான்.

வெற்றிலை மாதிரி மடித்த எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், காசியின் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.