தண்ணீரின் வழி

“யாரைக் கேட்டு என் வீட்டு மேல கோடு போட்டே?”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாளின் குரலில் நகரத் திட்ட அலுவலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. காலையில் அலுவலக வாசல் சுவரில் ஒட்டிய புது வெள்ளப்பாதை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நேராகத் திட்ட அதிகாரியின் மேஜை முன்னால் வந்து நின்றிருந்தாள்.

“கொஞ்சம் உட்காருங்கம்மா,” என்றாள் அதிகாரி.

“உட்கார வரலை. நியாயம் கேட்க வந்தேன்.”

பக்கத்து மேஜை சர்வேயருக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். வந்த நாளிலிருந்து ஜிபிஎஸ் கருவியைச் சுமந்துகொண்டு, சேற்றிலும் சகதியிலும் தெருத்தெருவாக மேடு பள்ளம் அளந்தவர். மேடத்தைப் போய் ‘நீ, வா, போ’ என்பதா?

“அம்மா, இது குத்துமதிப்பாப் போட்ட கோடில்லை. இருபது வருஷத்து சாட்டிலைட் படங்களை வெச்சுப் பார்த்தாச்சு. எந்த வருஷம் மழை கொட்டினாலும் வெள்ளம் உங்க தெரு வழியாத்தான் ஆத்துக்குப் போகுது. அதான் மேட்டுப் பக்கம் மாத்து வீடு தர்றாங்களே!”

“வானத்துல இருந்து பார்த்தா வீடெல்லாம் தீப்பெட்டியாத்தான் தெரியும்! எங்க தெரு முனையில கட்டியிருக்கானே பெரிய கடைக்காரன், அவனைக் கண்டதும் உங்க கோடு வளைஞ்சு நெளிஞ்சு போயிருக்குமே?”

“வளையலம்மா,” என்றாள் அதிகாரி. “அந்தக் கட்டடமும்தான் போகுது. சித்த முன்னாடி அவங்களும் வந்து கத்திட்டுத்தான் போனாங்க.”

“அப்போ நாலு வீடு தள்ளிப் போட்டா என்ன குறைஞ்சிடும்?”

“கோட்டைத் தள்ளிப் போட்டுடலாம். தண்ணி தள்ளிப் போகாதேம்மா.”

அம்மாள் விரலை நீட்டினாள். “அந்த வீட்டைக் கட்டின மனுஷன் இன்னிக்கு உயிரோட இருந்தா, இப்படிக் கோடு போட உனக்குக் கை வந்திருக்குமா?”

அதிகாரி கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சர்வேயருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டார்.

“போதும்மா! இந்தக் கோட்டை மாத்தச் சொல்லி மேலிடத்துல எவ்வளவு நெருக்கினாங்க தெரியுமா? ஒத்தை ஆளா நின்னு முடியவே முடியாதுன்னவங்க இவங்க. போன மழையில உங்க தெருவுலதானே ஒரு குழந்தையைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போச்சு? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

நீட்டிய விரல் மெல்ல இறங்கியது.

“மறக்கலைப்பா,” என்றாள். “அதைப் பெத்தவ போட்ட அலறல் இன்னும் காதுலயே நிக்குது.”

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுவரை போனவள், நின்று அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

“சாயங்காலமாவது நேரத்தோட வந்து சேருடி. உங்கப்பா கட்டின வீட்டை நான் ஒருத்தியாவா காலி பண்றது?”