ஹாரன் அடிக்காமல்

வாடிக்கையாளர் காளியப்பன் சர்வீஸ் முடிந்த பைக்கை எடுத்துப் போன பிறகுதான், அதன் முன்பிரேக் போல்ட் பட்டறை மேசையில் கிடப்பதை மேலாளர் எபநேசர் பார்த்தார். உடனே தன் வண்டியில் மலைச்சாலையில் விரட்டினார். மூன்றாவது வளைவில் அவன் தெரிந்தான். பின்னால் மனைவி. காலால் பின்பிரேக்கை மிதித்தபடி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்தால் பதறி முன்பிரேக்கைப் பிடித்துவிடுவான்; போல்ட் இல்லாத பிரேக் கழன்று சக்கரத்தில் சிக்கிவிடும். எபநேசர் சத்தமில்லாமல் பின்தொடர்ந்தார். ஒரு மேட்டில் பைக்கின் வேகம் குறைந்ததும் பக்கத்தில் போனார்.

"முன்பிரேக்கைத் தொடாதீங்க! மெதுவா நிறுத்துங்க. போல்ட் மாட்டாம விட்டுட்டோம், எங்க தப்புதான்."

இறங்கி நின்ற காளியப்பனின் மனைவி எபநேசரிடம் கேட்டாள். "எங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு வண்டி எடுத்துட்டு இதே ரோட்டுல போச்சே சார், அதையும் அதே மெக்கானிக்தானே பார்த்தாரு?"

எபநேசர் கீழே வளைந்து இறங்கும் சாலையைப் பார்த்தார்.